தனியே நடுவதா, கலந்து நடுவதா: ஆக்லாந்து மலைச்சரிவில் ஊசியிலை மரங்கள்

சிங்கப்பூரிலிருந்து நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் சிலர் ஆக்லாந்தில் வீடு வாங்குவதோடு நின்றுவிடாமல், நகரத்துக்கு வெளியே சில எக்டர் நிலத்தையும் வாங்கி மரம் வளர்க்க முனைகிறார்கள். என் அக்காள் மகனும் ஆக்லாந்துக்கு வடமேற்கே அப்படி ஒரு நிலத்தை வாங்கியிருக்கிறான். அதன் கீழ்ப்பகுதி பல ஆண்டுகள் ஆடு மேய்ந்த சமவெளி. மேற்பகுதி மழையில் கரைந்து வெளுத்த மஞ்சள் களிமண் சரிவு. “மாமா, ரேடியாட்டா பைன் மட்டும் நட்டால் போதுமா, வேறு மரங்களையும் கலந்து நடலாமா? கலந்து நட்டால் மண்ணுக்கும் மரத்துக்கும் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்களே” என்று கேட்டான். இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால், அவனுக்குச் சொன்ன விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கலப்பு நடவு நல்லதா, கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பயன்படக்கூடிய விடை கிடைக்காது. ஒரே இரு மரங்களின் சேர்க்கை ஒரு மண்ணில் ஊசியிலை மரத்தை ஓங்கி வளரச் செய்திருக்கிறது. இன்னொரு மண்ணில் அதே சேர்க்கை அந்த மரத்தை அமுக்கி வைத்திருக்கிறது. அந்த நிலத்தில் எந்தச் சத்து குறைவாக இருக்கிறது, சேர்த்து நடும் மரம் அந்தச் சத்தைக் கொண்டுவந்து சேர்க்குமா அல்லது தானும் பங்கு கேட்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என் மருமகன் முன் இருப்பவை நான்கு வழிகள்: ரேடியாட்டா பைன் என்னும் ஊசியிலை மரத்தைத் தனியாக நட்டு உரமிடுவது, தழைச்சத்தை (நைட்ரஜனை) காற்றிலிருந்து பிடிக்கும் மரத்தோடு கலப்பது, மற்றோர் ஊசியிலை மரத்தோடு கலப்பது, அந்த மண்ணுக்கே உரிய கவுரி, டோட்டரா போன்ற மரங்களை அவற்றின் துணைச் செடிகளோடு வளர்ப்பது.

தனி நடவை இகழ்ந்து பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் நியூசிலாந்தின் நடவுக் காடுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரேடியாட்டா பைன்தான் என்பதற்குத் தக்க காரணம் உண்டு. கலிபோர்னியக் கடற்கரையின் சிறு பகுதிகளிலும் மெக்சிகோவின் இரு தீவுகளிலும் மட்டுமே இயற்கையாக வளரும் இந்த மரம், நியூசிலாந்தில் 25 முதல் 30 ஆண்டுகளில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. கன்று எங்கும் கிடைக்கிறது, எப்போது கவாத்து செய்வது, நெருங்கி நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டி எப்போது கலைத்துவிடுவது என்பதெல்லாம் பழகிய வேலை, வாங்குவதற்கு மரஆலை காத்திருக்கிறது. ஒரே வயது, ஒரே இனம் என்பதால் வெட்டுவதும் ஏற்றுவதும் எளிது. சிறு நிலம் வைத்திருப்பவருக்கு இது சாதாரண அனுகூலம் அல்ல. சில எக்டரில் மூன்று வகை மரங்களைக் கலந்து வைத்தால், எந்த வகையிலும் ஒரு முழு லாரிச் சுமை தேறாமல் போகக்கூடும்.

இந்த வழியின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டும் இடம் அவனுடைய நிலத்துக்கு அருகிலேயே இருக்கிறது. ஆக்லாந்தின் வடமேற்கிலுள்ள ரிவர்ஹெட் காட்டில், கவுரிக் காடுகள் அழிந்த பிறகு எஞ்சிய களிமண்ணில் நட்ட ரேடியாட்டா பைன்கள் சில ஆண்டுகளுக்குப் பின் வளர்ச்சி குன்றி, தலை மெலிந்து நின்றன. பற்றாக்குறை மணிச்சத்தில் (பாஸ்பரசில்) இருந்தது. 1950களில் விமானத்திலிருந்து மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டைத் தூவிய பிறகு அந்தக் காடு மீண்டது. களிமண்ணில் ஒருமுறை இட்ட மணிச்சத்து பல ஆண்டுகளுக்குப் பலன் தருகிறது. தழைச்சத்து உரம்போல விரைவில் கரைந்து ஓடிவிடுவதில்லை. ஆகவே மண்ணில் குறைவது மணிச்சத்து ஒன்றுதான் என்றால், அதை நேரடியாகக் கொடுப்பதைவிட மலிவான, நிச்சயமான கலப்பு எதுவும் இல்லை என்றே நான் சொல்வேன்.

தனி நடவின் உண்மையான ஆபத்து சத்துக் குறைவில் இல்லை, நோயில் இருக்கிறது. டோதிஸ்ட்ரோமா என்னும் ஊசிக் கருகல் நோய் 1964இல் நியூசிலாந்தில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு இளம் பைன் காடுகளுக்கு விமானத்தில் தாமிர மருந்து தெளித்து வருகிறார்கள். ஐரோப்பாவில் நிலைமை இதைவிட மோசம். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் தனியாக நட்டிருந்த ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடுகள் 2018இல் தொடங்கிய வறட்சியாலும் பட்டைத் துளைப்பான் வண்டாலும் பரந்த அளவில் பட்டுப்போயின.

இரண்டாவது வழியான தழைச்சத்துத் துணை மரத்தைப் பற்றித்தான் பலரும் மிகுந்த நம்பிக்கையோடு பேசுகிறார்கள். அது எப்படி இயங்குகிறது என்பதை அறிய நமக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில், கடலை நிரப்பி உண்டாக்கிய மணலில் நிற்கும் சவுக்கு மரங்களைப் பைன் என்று நினைப்பவர்கள் உண்டு. சவுக்கு ஊசியிலை மரம் அன்று. அதன் பச்சை நிற மெல்லிய கிளைகளே ஊசிபோலத் தெரிகின்றன, இலைகளோ கணுக்களில் பல்போன்ற சிறு செதில்களாகச் சுருங்கிக் கிடக்கின்றன. அதன் வேரில் உருண்டு திரண்ட முடிச்சுகளுக்குள் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாவரம் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுகிறது. வெறும் மணலில் சவுக்கு தழைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ரெட் ஆல்டர் என்னும் அகன்ற இலை மரம் அதே நுண்ணுயிரின் துணையோடு அதே வேலையைச் செய்கிறது. ஆண்டுக்கு எக்டருக்கு 50 முதல் 200 கிலோ வரை தழைச்சத்தை அது மண்ணில் சேர்ப்பதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது.

ஆல்டரை டக்ளஸ் ஃபர் என்னும் ஊசியிலை மரத்தோடு கலந்து நீண்டகாலம் கவனித்த இரண்டு இடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இந்தக் கட்டுரையின் மையக் கருத்து விளங்கிவிடும். வாஷிங்டன் மாநிலத்தின் விண்ட் ரிவர் பகுதியில், 1902இன் பெருந்தீயில் எரிந்து தழைச்சத்தை இழந்த நிலத்தில் டக்ளஸ் ஃபர் நடப்பட்டது. அது நான்கு வயதை எட்டிய பிறகு, 1933இல், ஒரு பட்டையில் மட்டும் ஆல்டர் இடையே நடப்பட்டது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அந்தப் பட்டையில் மொத்த மர அளவு தனி ஃபர் நின்ற பகுதியைவிட மிக அதிகமாக இருந்தது. அங்கே ஓங்கி நின்ற ஃபர் மரங்கள் உயரமாகவும் பருமனாகவும் வளர்ந்திருந்தன, ஊசிகளில் தழைச்சத்தும் கூடியிருந்தது. ஆரிகன் கடற்கரையில் கேஸ்கேட் ஹெட் என்னும் இடத்தில் மண் முன்பே தழைச்சத்து நிறைந்தது. அங்கே இதே கலப்பில் விரைந்து வளர்ந்த ஆல்டர் ஊசியிலை மரங்களின் வெளிச்சத்தை மறைத்து அவற்றை அமுக்கிவிட்டது. ஆல்டர் கொண்டுவந்த தழைச்சத்து அந்த மண்ணுக்குத் தேவைப்படவே இல்லை.

தேவைப்படாததோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மிகுதியான தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. நைட்ரேட் மழைநீரோடு கீழிறங்கும்போது சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது. மேலும், தழைச்சத்தைப் பிடிக்கும் மரங்களுக்கு மணிச்சத்து நிறைய வேண்டும். மணிச்சத்தே இல்லாத களிமண்ணில் அத்தகைய மரத்தை நட்டால், இல்லாத ஒன்றுக்காக இரண்டு மரங்களும் மோதிக்கொள்ளும். உளுந்தை ஊடுபயிராக இடும் நம் விவசாயிகளும், மண் அறியாமல் எல்லா வயலிலும் ஒரே பலனை எதிர்பார்ப்பதில்லை.

நியூசிலாந்திலேயே இந்த வழி மிக அழகாக வேலை செய்த இடமும் உண்டு. ரிவர்ஹெட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வுட்ஹில் காடு, கடற்கரை மணல்மேட்டின் மீது எழுந்த காடு. முதலில் மார்ரம் புல்லை நட்டு மணலை நிறுத்தினார்கள். அதனிடையே மஞ்சள் பூப் பூக்கும், தழைச்சத்தைப் பிடிக்கும் பயறு இனச் செடியான லூபினின் விதையைத் தூவினார்கள். லூபின் மண்ணைச் செழிப்பாக்கிய பிறகே பைன் கன்றுகள் வந்தன. காட்டு ஆராய்ச்சியாளர் ரூத் காட்கில், லூபின் பிடித்த தழைச்சத்து பைனுக்குப் போய்ச் சேருவதை அளந்து காட்டினார். பிறகு 1980களின் இறுதியில் ஒரு பூஞ்சை நோய் லூபின்களை அழித்தது. அதன் பின் அந்தக் காடுகளின் தழைச்சத்துத் தேவையை மூட்டை உரத்தால் ஈடுசெய்ய வேண்டிவந்தது. துணைச் செடியை நம்பும் எவரும், அந்தத் துணையும் நோய்க்கு ஆட்படக்கூடிய ஓர் உயிர் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும் இரண்டு காடுகளில், மணலில் குறைந்தது தழைச்சத்து, களிமண்ணில் குறைந்தது மணிச்சத்து. என் மருமகனின் நிலம் ரிவர்ஹெட்டின் வகையைச் சேர்ந்தது. அவனுடைய கீழ்ச் சமவெளியில் பல ஆண்டுகளாகக் குளோவர் புல்லும் சூப்பர் பாஸ்பேட்டும் ஆட்டு எருவும் சேர்ந்து தழைச்சத்தைக் குவித்து வைத்திருக்கும். அத்தகைய மேய்ச்சல் நிலத்தில் ரேடியாட்டா பைன் தேவைக்கு மேல் வேகமாக வளர்ந்து, கிளை தடித்து, தண்டு வளைந்து, இளமையில் காற்றுக்குச் சாயும். மரத்தின் அடர்த்தியும் குறையும். அங்கே இன்னும் தழைச்சத்தைக் கொண்டுவரும் மரத்தை நடுவது, உள்ள குறையைப் பெரிதாக்கும். மேல் சரிவிலோ, யாரும் நடாமலேயே கோர்ஸ் என்னும் முள்புதர் முளைத்திருக்கிறது. அதுவும் பயறு இனம். அதுவும் தழைச்சத்தைப் பிடிக்கும். ரோட்டோருவா ஏரியைச் சுற்றியுள்ள கோர்ஸ் புதர்களிலிருந்து நைட்ரேட் கசிந்து நீரில் கலப்பதுகூட அங்கே ஒரு பிரச்சினையாகிவிட்டது. புதர் இலவசமாகத் தருவதைப் பெறுவதற்குக் கன்று வாங்க வேண்டிய அவசியம் இல்லை; அந்தப் புதர் முதல் இரண்டு ஆண்டுகளில் பைன் கன்றை மூடிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே உள்ள வேலை.

ஆஸ்திரேலியாவின் பிளாக்வுட் என்னும் அக்கேசியாவைப் பைனோடு நடலாமே என்றும் கேட்டான். நம் விரைவுச்சாலை ஓரங்களிலும் கைவிடப்பட்ட நிலங்களிலும் தானே பரவியிருக்கும் அக்கேசியாவுக்கு அது உறவு. நல்ல தளவாட மரம். ஆனால் பைனின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. அருகில் நட்டால் பைனின் நிழலில் நின்றுவிடும்.

மூன்றாவது வழி, ஓர் ஊசியிலை மரத்துக்கு மற்றோர் ஊசியிலை மரத்தைத் துணையாக நடுவது. வியப்பூட்டும் வகையில், இரண்டுமே தழைச்சத்தைப் பிடிக்காத மரங்களாக இருந்தும் இது பலன் தருகிறது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஹெதர் என்னும் குறுஞ்செடி மூடிய ஏழை மண்ணில் தனியாக நட்ட ஸிட்கா ஸ்ப்ரூஸ் மஞ்சள் பூத்து ஆண்டுக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும். அதே மண்ணில் ஸ்காட்ஸ் பைன், ஜப்பானிய லார்ச், லாட்ஜ்போல் பைன் ஆகியவற்றில் ஒன்றைக் கலந்து நட்டால் ஸ்ப்ரூஸ் பச்சை பிடித்து மேலெழுகிறது. அதன் ஊசியில் தழைச்சத்தின் அளவு உயர்கிறது. பைனின் வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகள், மக்கில் சிக்கிக் கிடக்கும் தழைச்சத்தை விடுவித்து ஸ்ப்ரூஸ் வேருக்கும் எட்டச் செய்கின்றன என்பதும், பைன் விரைவில் நிழல் போர்த்தி ஹெதரை அடக்கிவிடுகிறது என்பதும் இதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள். இங்கிலாந்தின் லாங்கஷயரில் கிஸ்பர்ன் என்னும் இடத்தில் 1955இல் தொடங்கிய சோதனையிலும், நார்வே ஸ்ப்ரூஸ், ஆல்டர், ஓக் ஆகியவற்றோடு ஸ்காட்ஸ் பைன் சேர்ந்த பாத்திகள் சிறப்பாக வளர்ந்தன.

அந்தக் கலப்பில் ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. அலாஸ்காவிலிருந்து வந்த மெதுவாக வளரும் லாட்ஜ்போல் பைனைத் துணையாகத் தேர்ந்தெடுத்தால், அது முதல் பத்து இருபது ஆண்டுகள் ஸ்ப்ரூசுக்கு உதவிவிட்டு, பிறகு ஸ்ப்ரூசின் நிழலில் தானே மடிந்துவிடும். புயலுக்கு அஞ்சி மரங்களைக் கலைக்க முடியாத சதுப்பு மண்ணில் இது பெரிய உதவி. ஆனால் இந்த வழியை ஆக்லாந்துக்கு அப்படியே பெயர்த்துச் செல்ல முடியாது. லாட்ஜ்போல் பைன் நியூசிலாந்தில் காற்றில் விதை பரப்பி மலைகளை ஆக்கிரமித்த மரம். அதை நடுவதற்கே அங்கே தடை உண்டு. ரேடியாட்டா பைனுக்கோ அத்தகைய தாதி தேவையில்லை, ஏனெனில் பைன் தானே அந்தத் தாதியின் இனம். அவன் ஸ்ப்ரூஸ் நடப்போவதும் இல்லை. டக்ளஸ் ஃபர் நடலாமா என்றால், வடதீவின் வெதுவெதுப்பான ஈரக்காற்றில் ஊசி உதிர்க்கும் பூஞ்சை அதைத் தாக்குகிறது. அது தென்தீவுக்கு உரிய மரம்.

ஜெர்மனியில் ஸ்ப்ரூசோடு பீச் என்னும் அகன்ற இலை மரத்தைக் கலக்கும் முறையும் இங்கே அதிக உதவி செய்யாது என்றாலும், ஓர் உண்மைக்காக அதைக் குறிப்பிட வேண்டும். ம்யூனிக் பேராசிரியர் கார்ல் கையர் 1880களிலேயே கலப்புக் காட்டுக்காக வாதாடியவர். அண்மைக்கால அளவீடுகள், ஏழை மண்ணில் அந்தக் கலப்பால் ஸ்ப்ரூசும், வளமான மண்ணில் பீச்சும் அதிகம் பயனடைகின்றன என்று காட்டுகின்றன. பீச்சின் சருகு விரைவாக மக்கி, ஊசிச் சருகில் முடங்கிய சத்துகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவருகிறது. அதன் வேர் ஸ்ப்ரூசைவிட ஆழமாகச் செல்கிறது. ஊசிச் சருகு ஏன் முடங்கிக் கிடக்கிறது என்பதற்கான ஒரு காரணத்தையும் ரூத் காட்கிலும் அவருடைய கணவர் பி. டி. காட்கிலும் 1971இல் நியூசிலாந்தின் ரேடியாட்டா பைன் காட்டிலேயே கண்டார்கள்: பைனின் வேர்ப்பூஞ்சைகளை அகற்றிய இடத்தில் சருகு வேகமாக மக்கியது. பூஞ்சைகள் சத்தைத் தமக்கும் பைனுக்குமாக இழுத்துக்கொள்வதால், சருகை மக்கவைக்கும் பிற நுண்ணுயிர்கள் பட்டினி கிடந்தன.

நான்காவது வழிதான் என் மனத்துக்கு நெருக்கமானது. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டமான பூமலையில் அகாதிஸ் இனத்து மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கவுரியின் உருவம் ஓரளவு பிடிபடும். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, ஊசியிலை மர வகையாக இருந்தும் அகன்ற தோல்போன்ற இலை கொண்டவை. ஆக்லாந்து வடக்கின் மஞ்சள் களிமண் கவுரியின் பிறந்த மண். பல்லாயிரம் ஆண்டுகளாகக் கவுரியின் அமிலச் சருகு ஊறி ஊறித்தான் அந்த மண்ணின் சத்துகள் கழுவப்பட்டன. தான் ஏழையாக்கிய மண்ணில் வாழவும் அது கற்றிருக்கிறது. கவுரி, டோட்டரா ஆகியவற்றின் மெல்லிய வேரைக் கழுவிப் பார்த்தால், மணி கோத்ததுபோல் வரிசையாகச் சிறு முடிச்சுகள் தெரியும். பார்த்தவுடன் தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சு என்று நினைத்துவிடுவோம். அவற்றுக்குள் குடியிருப்பது வேர்ப்பூஞ்சை. அது செய்யும் முக்கிய வேலை மண்ணின் இண்டு இடுக்குகளிலிருந்து மணிச்சத்தைத் தேடிக் கொண்டுவருவது. அந்தச் சரிவில் குறைவது எதுவோ அதற்கே இந்த மரங்கள் ஏற்பாடு வைத்திருக்கின்றன.

இயற்கையில் கவுரிக் கன்று மானுகா, கானுகா புதர்களின் மெல்லிய நிழலில் எழுந்து, பிறகு அவற்றைத் தாண்டி வளர்கிறது. ஆகவே இங்கே கலப்பு என்பது முதலில் புதரை வளரவிட்டு, இடைவெளிகளில் கவுரியையும் டோட்டராவையும் நடுவது. டோட்டராவை ஆடுமாடுகள் விரும்பித் தின்பதில்லை என்பதால் மேய்ச்சல் நிலங்களிலும் அது தானே முளைக்கிறது. காலம்தான் இதன் விலை. அறுவடை என்று பேசினால் அவன் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் பேச வேண்டும். கவுரியின் வேரை அழுகச் செய்யும் மண்வழி நோயும் ஆக்லாந்து வட்டாரத்தில் பரவியிருக்கிறது. காலணியிலும் கருவியிலும் ஒட்டிய மண்ணைக் கழுவாமல் நிலத்துக்குள் நுழையக் கூடாது, கன்றும் நோயற்ற நாற்றங்காலிலிருந்து வர வேண்டும். இந்த மரங்களை ரேடியாட்டா பைனோடு வரிசைக்கு வரிசை கலப்பது மட்டும் கூடாது. பைன் சில ஆண்டுகளிலேயே அவற்றை நிழலில் மூழ்கடித்துவிடும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி அவனுக்கு நான் சொன்ன முடிவு இது. கீழ்ச் சமவெளியில் ரேடியாட்டா பைனைத் தனியாக நடு. தழைச்சத்து உரமும் வேண்டாம், தழைச்சத்து மரமும் வேண்டாம். தண்டு நேராக வளரும் தேர்ந்த கன்றை வாங்கு. மேல் சரிவில் சாய்வு குறைந்த பகுதியில் சூப்பர் பாஸ்பேட் இட்டுப் பைனை நடு. செங்குத்தான இடங்களையும் ஓடைக்கரைகளையும் கானுகாவுக்கும் டோட்டராவுக்கும் கவுரிக்கும் விட்டுவிடு. அங்கே பைனை வெட்டி இறக்கும் செலவு மரத்தின் விலையைத் தின்றுவிடும், வெட்டிய பின் களிமண் சரிந்து ஓடையில் இறங்கும். கலப்பு வேண்டும் என்ற அவன் விருப்பம் இப்படி நிறைவேறுகிறது: மரத்துக்கு மரம் கலப்பதைவிட, நிலத்தின் குணம் மாறும் இடத்தில் மரத்தையும் மாற்றுவது சிறு நிலத்துக்குப் பொருந்துகிறது. ஒரு நோய் வந்தாலும் முழு நிலமும் ஒன்றாக விழாது.

இந்த முடிவை மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று, சோதனைக் கூடத்தின் அறிக்கை. நட்ட பிறகு ஊசியைச் சோதிப்பதற்கு முன்பே, நடுவதற்கு முந்தைய ஆண்டில் மேல் சரிவின் மண்ணையும், பக்கத்து நிலத்தில் அதே களிமண்ணில் நிற்கும் பைனின் ஊசியையும் அனுப்பலாம். அங்கே கோடை முடியும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வெயில் படும் மேல் கிளைகளிலிருந்து, அந்த ஆண்டில் முழுமையாக நீண்ட ஊசிகளைப் பறிக்க வேண்டும்; நிழலில் இருக்கும் பழைய ஊசியைப் பறித்தால் அறிக்கை பொய் சொல்லும். ரேடியாட்டா பைனின் உலர்ந்த ஊசியில் தழைச்சத்து 1.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் போதுமானது, 1.2க்குக் கீழே இறங்கினால் பற்றாக்குறை, மணிச்சத்து 0.14க்கு மேல் இருந்தால் போதுமானது, 0.12க்குக் கீழ் பற்றாக்குறை. கண்ணால் பார்த்தும் ஓரளவு சொல்லலாம்: தழைச்சத்து குறைந்தால் மரம் முழுவதும் ஒரே சீராக வெளிர் மஞ்சளாகும், மக்னீசியம் குறைந்தால் ஊசியின் நுனி மட்டும் பொன்னிறமாகும். மணிச்சத்துக் குறைவோ நிறத்தில் எளிதில் வெளிப்படாது. ஊசி குட்டையாகி, தலை மெலிந்து, மரத்தின் ஊடே வானம் தெரியத் தொடங்கும் அளவுக்கு வந்த பிறகே கண்ணில் படும், அதற்குள் சில ஆண்டுகள் வீணாகியிருக்கும். அறிக்கையில் இரண்டு சத்துகளுமே குறைவு என்று வந்தால், முதலில் மணிச்சத்தை இட்டு, ஓராண்டு கழித்து ஊசியை மறுபடி அனுப்பிப் பார்த்த பிறகே தழைச்சத்துத் துணையைப் பற்றி முடிவெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.